காஜாக்காரிக்கு வராத நோய்

தையல் ஆலையில் அவளைக் காஜாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்கு ஓரம் தைக்கும் காஜா மெஷினில் பதினோரு வருஷ அனுபவம். கை ஓயாது, வாயும் ஓயாது. "என் புருஷன் வீட்டுக்கு வர்றதே அழுக்குத் துணியை இறக்கி வைக்கத்தான்" என்று சொல்லிப் பக்கத்து மெஷின்காரிகளைச் சிரிக்க வைப்பாள்.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கல்யாணமாகிப் பத்து வருஷம். ஆறு வயதில் ஒரு மகள். மாமியாரும் அதே வீட்டில்தான்.

அந்த வருஷம் அவனுக்கு இருமல் விடவே இல்லை. ஆள் பாதியாகிப் போனான். ஆஸ்பத்திரியில் முதலில் காசநோய் என்றார்கள். பிறகு எச்.ஐ.வி. என்றார்கள். காஜாக்காரிக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. நம்பாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் இல்லை.

செய்தியை ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குக் கொண்டு வந்தாள். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"பத்து வருஷமா என் பிள்ளையோட குடும்பம் நடத்துனவளுக்கு ஒட்டவே இல்லையா?"

"இல்ல அத்தை. டாக்டருக்கே ஆச்சரியம்."

"எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல. நீ அவனைக் கிட்டச் சேர்க்கல. அதான் அவன் வெளிய போயிருக்கான்." இன்னொரு துண்டை எடுத்து உதறினாள். "அப்ப இவ யாருக்குப் பொறந்தா?"

மகள் ஒற்றைக் காலில் மட்டும் சாக்ஸ் போட்டபடி அங்கேதான் நின்றிருந்தாள்.

கட்டிலில் கிடந்த புருஷனைக் காஜாக்காரி பார்த்தாள். "நீங்க சொல்லுங்க." அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாமியாரின் கேள்வியைக் கொழுந்தன் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்த வாரமே அவளுடைய துணிமணி இரண்டு சாக்கில் வாசலுக்கு வந்தது. ஆலைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் மகளோடு குடியேறினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்த ஆராய்ச்சி பார்க்கும் டாக்டரம்மா மட்டும் அவளை விடவில்லை. தாய், மகள் இருவரின் ரத்தத்தையும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, சில மாதம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்தக் கிருமி வெள்ளை அணுவுக்குள்ள நுழையறதுக்கு, அணு மேல ஒரு பிடிமானம் வேணும். உங்க அணுவுல அது இல்ல. உங்க அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அதே குறை வந்திருக்கு. ரொம்ப அபூர்வம்."

"குறையா?"

"நல்ல குறைதான். ஆனா முழுப் பாதுகாப்புன்னு நினைச்சுடாதீங்க. வேற வழியா நுழையற வகையும் உண்டு."

"பொண்ணுக்கு?"

"உங்ககிட்ட இருந்து பாதி வந்திருக்கு. அது போதாது. அவளுக்கு நோய் ஒட்டலாம், ஜாக்கிரதையா இருக்கணும்." டாக்டரம்மா அவள் புருஷனின் பழைய ஃபைலைப் புரட்டினாள். "எட்டு வருஷமா நோயாளியோட வாழ்ந்தும் உங்களுக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நோய் தெரிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. காஜாக்காரி எழுந்து, நேரே வார்டுக்குப் போனாள். புருஷனை அங்கே மறுபடி சேர்த்திருந்தார்கள்.

"எட்டு வருஷமாத் தெரியுமா?"

"ம்."

"மாத்திரை?"

"வாங்கல. வீட்டுல வச்சா நீ பாத்துடுவ."

"ஏன் சொல்லல?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, வண்டி போகிற வழியைச் சொல்வதுபோல் சொன்னான். "உனக்கு முதல்ல சீக்கு வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வந்தா, உன்னாலதான் எனக்குன்னு சொல்லிடலாம்னு. உனக்கு வரவே இல்ல."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு உன்னோடதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." பத்து வருஷத்தில் அவனை 'நீ' என்றது அன்றுதான்.

"சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். அம்மா தாங்க மாட்டா."

"நான் தாங்குவேனா?"

"உனக்குத்தான் எதுவும் வராதே" என்றான்.

இரண்டு வாரத்தில் நர்ஸ் ஆலைக்குப் போன் செய்தாள். அதிக நாள் தாங்காது, மகளைப் பார்க்கக் கேட்கிறான் என்றாள். காஜாக்காரி வந்தாள், தனியாக. ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தாள், தலையணையைச் சரிசெய்தாள்.

"பாப்பா வரலையா?"

"எந்தப் பாப்பா?"

மறுநாளும் கேட்டான். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் அவனால் பேச முடியவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நகர்ந்து நின்று, வெறும் கதவை நன்றாகத் தெரியவிட்டாள். சாயங்காலம் செத்துப்போனான். மகளின் பள்ளிக்கூடம் அங்கிருந்து இருபது நிமிஷ பஸ் தூரம்.

மகளுக்கு இப்போது பதினைந்து. டாக்டரம்மாவின் ஆய்வகம் வருஷத்துக்கு ஒருமுறை காஜாக்காரியின் ரத்தத்தை இன்னும் எடுக்கிறது. போன மாதம் அங்கிருந்து திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்.

"கடைசில அப்பா என்னைத் தேடுனாராம்மா?"

"இல்ல" என்றாள் காஜாக்காரி.

மகள் சரி என்று தலையாட்டிவிட்டு, இறங்கும் இடம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.