கொய்யா இலைக் கஷாயம்

காலை ஏழு பத்து. கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் வண்டி கிளம்பும்போது முதலில் கண்ணில் படுவது என் எதிரே உட்கார்ந்திருக்கும் ரப்பர் தோட்டத்துப் பெண்ணின் தாடை. வீக்கம் கழுத்துவரை இறங்கியிருக்கிறது. கணவன் கொய்யா இலைக் கஷாயத்தை அவள் உதட்டில் ஊற்றுகிறான். வாய் திறக்கவில்லை, கஷாயம் மார்பில் வழிகிறது.

“வாயை மூடவே தெரியாதவ அய்யா இவ. இப்பத் தொறக்க மாட்டேங்குறா.”

“எத்தனை நாளாக?” என்று கேட்கிறேன்.

“பத்து நாளுங்க. இதைக் கொப்பளிச்சு, கிராம்புத் தைலம் வெச்சதுல பல்வலி நின்னுடுச்சு. சொகமாயிடுச்சின்னு நான்தான் பால்வெட்டுக்கு அனுப்பினேன். சீழு உள்ள எறங்கிடுச்சின்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் நேத்து சொல்றாரு. பெரிய ஆஸ்பத்திரியில பல்லைப் புடுங்கிட்டா சரியாயிடுமில்ல?”

அவள் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறாள்.

பெட்டாலிங் ஸ்டேஷன் தாண்டியதும் அவள் மூச்சு நிற்கிறது. வண்டி குறித்த நேரத்தில் கோலாலம்பூர் சேருகிறது.