முதலாளியின் மேல்வரிசை

அக்கா பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், அந்த அச்சுக்குப் பொருந்துகிற பல் செட்டை இவள் செய்து கொடுப்பாள். இருபத்திரண்டு வயதில் ஒரு பல் லேபில் சேர்ந்து பதினான்கு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கும்படிதான் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள், பல்லுக்கு உறை போட வைத்திருந்த தங்கக் கட்டி லேபில் காணாமல் போனது. எடுத்தது முதலாளியின் மருமகன். அங்கே தரை பெருக்குகிறவருக்குக்கூட அது தெரியும். ஆனால் மருமகனைச் சொன்னால் மகள் பெட்டியோடு வந்து நிற்பாள். அதனால் முதலாளி பன்னிரண்டு பேர் முன்னால் அக்காவை நோக்கிக் கைநீட்டி, "திருடி, வெளிய போ" என்றான். பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த வேலையைப் பார்த்தார்கள்.

அதோடு விட்டானா பாவி? பல் லேப் முதலாளிகள் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். ஒவ்வொரு லேபுக்கும் போன் போட்டு அக்காவைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவைத்தான். அவள் ஏறாத படி இல்லை. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் எங்கள் சமையலறையிலேயே மேசையைப் போட்டாள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டாக்டர் மட்டும் வேலை கொடுத்தார். ஓர் அடுப்பில் சோறு வேகும், பக்கத்து அடுப்பில் பல் செட் வேகும். புருஷன் வீட்டை விட்டு வந்திருந்த நான் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன்.

தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அக்கா ஜன்னலோரம் நிற்பாள். "நீ பாத்துக்கிட்டுதானே இருந்த? நான் எடுக்கலன்னு உனக்குத் தெரியும். நீயே கேளு" என்று கடவுளிடம் சொல்லிவிட்டு வேலைக்கு உட்காருவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் கடவுள் என்ன கோர்ட்டு நடத்தறாரா, வாய்தா மேல வாய்தா போட?" என்று கேட்பேன்.

"தீர்ப்பு வரும், இரு" என்பாள்.

அவளைச் சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளியின் பேச்சை எடுத்தாலே கையிலிருக்கும் மெழுகுக் கத்தியை மேசையில் குத்துவாள். தன் கையால் மட்டும் எதுவும் செய்யக் கூடாது என்பது அவள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எனக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. அவன் நாக்கு அழுக வேண்டும் என்று நான் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து, டாக்டரிடமிருந்து ஒரு அச்சு வந்தது. பேர் இல்லை, எண் மட்டும். மேலே பல்லே கிடையாது, கீழே சில பற்கள். வேறொரு லேபில் மூன்று முறை செய்தும் மேல் செட் உட்காரவில்லை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அக்கா கீழ் அச்சைத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இது முதலாளி வாய்" என்றாள். "இந்தக் கடைவாய்ப் பல்லு நான் கட்டினது. இந்தக் குறுக்குக் கோடு என் கோடு, நான் கட்டற கடைவாய்ப் பல்லுல எல்லாம் போடறது."

பதினான்கு வருஷம் அவளைத் திட்டிய வாய் எங்கள் மேசைமேல் பிளாஸ்டரில் ஆவென்று திறந்து கிடந்தது. நான் குதிக்காத குறை.

வழியும் எனக்குத் தெரிந்திருந்தது. செட்டை முதலில் மெழுகில் செய்து அனுப்புவோம். டாக்டர் அதை வாயில் போட்டுப் பார்த்துச் சரி சொல்லித் திருப்பி அனுப்பிய பிறகு, முன்பல்லின் உள்பக்கம் மெழுகை ஒரு நூல் தடிக்க வைத்தால் போதும். கடித்தால் ஒன்றும் தெரியாது. பேசினால் விசில் வரும். "சங்கத் தலைவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் விசில் அடிக்கட்டும்க்கா" என்றேன். அக்கா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். மெழுகு செட் டாக்டரிடமிருந்து திரும்பி வந்த அன்று கத்தியைச் சூடுகாட்டி, ஒரு நூல் மெழுகைத் தடவியும் விட்டாள்.

மறுநாள் காலை ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றாள். வந்து உட்கார்ந்து அந்த மெழுகைச் சுரண்டி எடுத்தாள்.

"என்ன, மனசு இளகிடுச்சா?"

"இளகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெட்ட பல்லு செய்ய அவர் லேப்லயே ஆளு இருக்காங்க. அதுக்கா கடவுள் இதை என்கிட்ட அனுப்பினாரு? அவரு ஏதோ பண்ணிக்கிட்டு இருக்காரு. நான் நடுவுல பூந்து குட்டையைக் குழப்பக் கூடாது."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. பல் சொந்தப் பல்லாட்டம் உட்கார்ந்துவிட்டதாம், நாற்காலியிலேயே ஆப்பிளைக் கடித்துக் காட்டினானாம். டாக்டர் சொன்னபோது ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கு மாதம் போனது. ஒரு மத்தியானம் கதவைத் திறந்தால், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் நிற்கிறான். பல்லைக் கழுவும்போது கைதவறி விழுந்து செட் இரண்டாக உடைந்திருக்கிறது. அவன் லேபில் ஒட்டினார்கள், கோணிக்கொண்டது. டாக்டர் வெளியூரில். பல் கட்டியவரின் வீடு என்று கிளினிக்கில் விலாசம் கொடுத்திருக்கிறார்கள். யார் வீடு என்று அக்கா எதிரே வந்து நின்றபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. திரும்பி இரண்டு படி இறங்கினான். வேறு போக்கிடம் இல்லை, மறுபடி ஏறினான்.

"நாளைக்கு ஃபங்கக் கூட்டம்மா. நான்தான் பேஃபணும். அஃபு உங்கிட்டதானே இருக்கு?"

மேல் பல் இல்லாமல் 'ச' வரவில்லை; அச்சைத்தான் கேட்டான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவனே தலையைக் குனிந்துகொண்டு மேலும் ஏதோ முனகினான். நீ எடுக்கவில்லை, தப்புதான் என்பது போலக் கேட்டது.

"நீங்க சொல்றது எனக்குப் புரியல, முதலாளி" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் புதுப் பல்லோட உங்க லேபுக்கே வரேன். அதைப் போட்டுக்கிட்டு, அன்னைக்குச் சொன்ன எடத்துல, எல்லார் முன்னாடியும் தெளிவாச் சொல்லுங்க."

வேகமாகத் தலையாட்டினான். அந்த நிலைமையில் எதற்கும் ஆட்டியிருப்பான்.

மறுநாள் வழியெல்லாம் நான் நச்சரித்தேன். "அவன் சொன்ன பிறகு குடுக்கா."

"பல்லு இல்லாம எப்படிச் சொல்லுவாரு? குடுத்துட்டுத்தான் கேக்கணும்."

"வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டான்னா?"

"மூணு வருஷம் பாத்துக்கிட்ட கடவுள், இன்னும் பத்து நிமிஷம் பாத்துக்க மாட்டாரா?"

லேபில் பாலிஷ் மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. கண்ணாடி அறைக்குள் மருமகன். அக்கா நீட்டிய பல் டப்பாவை முதலாளி பிடுங்காத குறையாக வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிப் பல்லைப் போட்டுக்கொண்டான். முகம் நிமிர்ந்தது, கூடவே பழைய திமிரும். எங்களைப் பார்க்காமலே, "என்ன வேடிக்கை? எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றான். ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழுந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் இடத்தை விட்டு அசையவில்லை.

அப்போது ஒரு மோட்டார் நின்றது. அக்காவின் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரர் நிறுத்தியிருந்தார். அன்றைக்கு முதலில் தலை குனிந்தவர் அவர்தான். அடுத்து ஒன்று நின்றது. பிறகு வரிசையாக எல்லாம் நின்றன. பன்னிரண்டு பேரும் முதலாளியின் முகத்தையே பார்த்தார்கள். மருமகன் எழுந்து, போக வழியில்லாமல் மறுபடி உட்கார்ந்தான்.

முதலாளி கண்ணாடி அறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "அன்னைக்குத் தங்கத்தை இவங்க எடுக்கல. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இவங்களைத் திருடின்னு சொன்னேன்."

"கடைசி மேசைக்குக் கேக்கல, முதலாளி" என்றாள் அக்கா.

சத்தமாக இன்னொரு தடவை சொன்னான்.

நான் அவனுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். "எனக்கும் கேக்கல" என்றேன்.

மூன்றாவது தடவையும் சொன்னான்.