சிநேகாவுக்கு யார் வந்திருக்காங்க?

படூரில் ஒரு அடுக்குமாடி ஃபிளாட்டில் சிநேகாவுக்கு வேலை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அமிர்தவல்லி அம்மாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, டயப்பர் மாற்றுவது. அந்த அம்மாளுக்குப் பேச்சு போய்விட்டது. ஒரே மகள் சுஜாதா ஆஸ்திரேலியாவில். ஆக, அந்த வீட்டில் நாள் முழுக்கக் கேட்கும் மனிதக் குரல் சிநேகா தனக்குத்தானே பேசிக்கொள்வதுதான்.

இன்னொரு குரலும் உண்டு. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு கேமரா. அதற்குள்ளிருந்து திடீர் திடீரென்று சுஜாதா பேசுவாள். மாத்திரை கொடுத்தாயா, ஃபேன் ஏன் ஓடவில்லை, அம்மா சாப்பிட்டாங்களா. பதில் கிடைத்ததும் போய்விடுவாள். ஆரம்பத்தில் சிநேகாவுக்குத் தூக்கிவாரிப்போடும். பிறகு பழகிவிட்டது. அழுகை வந்தால் மட்டும் கேமராவுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, வாஷிங் மெஷின் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவாள்.

அழுவதற்கு அப்படி என்ன என்று கேட்டால், இல்லாமலா? ப்ளஸ் டூ படிக்கும்போது அம்மா செங்கம்மாள் போய்ச்சேர்ந்தாள். பெண் பரீட்சையில் கோட்டைவிட்டாள். மறுபடி எழுதி, தட்டுத்தடுமாறிக் கரையேறினாள். அதற்குள் அப்பா தாவீது சதுரங்கப்பட்டினத்தில் இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டு போய்விட்டார். மகளுக்கு அங்கே பாய் விரிக்க இடமில்லையாம். நல்ல அப்பா!

நர்சிங் சேரவேண்டும் என்பது இந்த வீட்டுக்கு வந்தபிறகு வந்த ஆசை. எப்படியும் இதே வேலையைத்தான் செய்கிறோம், முறையாகப் படித்துவிட்டு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு செய்தால் என்ன என்று தோன்றியது. படியேறிய இடமெல்லாம் மார்க்கைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். கடைசியில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் பள்ளி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிவரவேண்டும் என்றார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். கட்டாயம் வருகிறேன் என்றார். சுஜாதாவிடம் லீவு கேட்டபோது மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வேறு ஆள் தேடிவிடுவாள் என்று பயம். அமிர்தவல்லி அம்மாளைப் பார்த்துக்கொள்ள மேல் மாடி அம்மாளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பள்ளி வராந்தாவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கூட்டமே வந்திருந்தது. அம்மா, அத்தை, மாமா, டிபன் டப்பா. சிநேகா பக்கத்தில் காலி நாற்காலி. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"திருக்கழுக்குன்றம் தாண்டிட்டேம்மா. வந்துகினே கீறேன்."

அவர் பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. எந்த பஸ்ஸில் குக்கர் வைக்கிறார்கள்? சிநேகா போனை வைத்தாள்.

"சிநேகாவுக்கு யார் வந்திருக்காங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தனியாக எழுந்து போனாள்.

முதல்வர் பிரிசில்லா கடுமையான ஆள் இல்லை. ஆனால் விஷயத்தை நேராகச் சொன்னார். மார்க் குறைந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்களாம். அவர்களில் பலபேர் படிப்பு கஷ்டமாக இருக்கிறது என்று பாதியில் ஓடிவிடுகிறார்கள். அப்போது பிடித்து நிறுத்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அப்படி யாராவது இருக்கிறார்களா, குறைந்தது உன்னைத் தெரிந்தவர் யாராவது, போனில் பேசினாலும் போதும் என்றார்.

யாரைச் சொல்வது? தினமும் அவளைப் பார்க்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். கூப்பிட்டால் வேலை போகும். கூப்பிடாவிட்டால் சீட்டு போகும். சுஜாதாவின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜைமேல் வைத்தாள்.

பிரிசில்லா விஷயத்தைச் சொன்னார். சுஜாதா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருஷமா பாத்துட்டிருக்கேன் மேடம். அம்மா கஞ்சியை இவ மேலயே துப்பிடுவாங்க. துடைச்சிட்டு மறுபடி ஊட்டுவா. அழுகை வந்தா வாஷிங் மெஷின் பின்னாடி போயிடுவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. சத்தம் கேக்கும்."

சிநேகாவுக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டா இருந்தாய்? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு?

இவள் இங்கே வந்துவிட்டால் உங்கள் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று பிரிசில்லா கேட்டார்.

"தெரியல மேடம்." குரல் உடைந்தது. "நீங்க சேத்துக்கங்க. ஓடிட மாட்டா."

சீட்டு கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் அப்பாவே கூப்பிட்டார். கிடைத்துவிட்டது என்றாள்.

"பாத்தியா, நான் வராமலே கெட்ச்சிது பாரு" என்று சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்து அமிர்தவல்லி அம்மாள் காதோரம் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் நல்லாயிருக்கிற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. புரிந்து பிடித்தாளோ, புரியாமல் பிடித்தாளோ. கஞ்சி ஊட்டித் தூங்கவைத்துவிட்டு சிநேகா வாஷிங் மெஷின் பக்கம் போனாள். சத்தம் கேட்கும் என்பது நினைவுக்கு வர, பாதியில் நின்றாள்.

கேமரா பேசியது. "அம்மா சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்கக்கா."

வழக்கமாக இத்தோடு போய்விடும் குரல் அன்றைக்குப் போகவில்லை.

"நீ?"

வீட்டைவிட்டுக் கிளம்பப்போகிற நேரத்திலா இதைக் கேட்பாள்? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கேமராவுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, மறைக்காமல் அழுதாள்.

"இன்னும் இல்லக்கா" என்றாள்.