கோலத்துக்கு அடியில் எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் பிடித்த தரை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் நியூ ஜெர்சி வீட்டின் கராஜ் தரை. மூன்று வார இறுதிகள் முட்டி போட்டு, பழைய கறையையெல்லாம் சுரண்டி, சாம்பல் நிற பெயின்ட் அடித்து, காய்கிற வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் காத்தார். அரிசி மூட்டை இறக்க வந்தவரைக்கூட ஷூவைக் கழற்றச் சொன்னார். கோயிலில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.

அந்தத் தரைமேல்தான் நான் பனிமேல் ஓட்டுகிற ஒரு பழைய ஸ்னோமொபைலைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வெர்மான்ட் போயிருந்தோம். வாடகைக்கு ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். நான் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதிப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் செய்த பிழையைத் தேடுகிற வேலை. வாழ்க்கையில் யாரும் என்னை 'இன்னும் வேகமாகப் போ' என்று சொன்னதே இல்லை. அன்றைக்குப் பனிமேல் நான் போட்ட கூச்சல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கியபோது கன்னம் வலித்தது. அவ்வளவு நேரம் சிரித்திருக்கிறேன்!

பொள்ளாச்சிக்காரிக்குப் பனியில் என்ன வேலை என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும். மார்ச் மாதம் ஒரு பெரியவர் தன் டூ-ஸ்ட்ரோக் வண்டியை விற்கிறார் என்று தெரிந்ததும் போய் வாங்கிவந்துவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் வந்த புகையில், காலேஜுக்கு நான் ஓட்டிப் போன மொபெட்டின் வாசனை அப்படியே இருந்தது. அப்புறம் எங்கே யோசிப்பது?

வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சென்னைக்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் கண்டிஷன் போடுவார்.

"இங்க பாரும்மா. வண்டி இருக்கட்டும். ஆனா ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு ஆயில் என் தரையில விழுந்துது, வண்டி வெளிய. ஓகேவா?"

"சரிங்க. விழுந்தா நானே வித்துப் போடறேன், போதுமா?" என்றேன். எங்கள் பக்கத்தில் சொன்ன சொல்லுக்கு மரியாதை அதிகம். வாய்க்கொழுப்பும் அதிகம்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு டாங்க் இருக்கும். ஓட்டும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக பெட்ரோலோடு சேர்ந்து எரியும். கோடையில் வண்டி சும்மா நிற்பதால் அந்த எண்ணெய் குறையவே கூடாது. நான் டாங்கைக் கழுத்துவரை நிரப்பி, எண்ணெய் நிற்கிற மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். வண்டியை மரக்கட்டைகள்மேல் ஏற்றினேன். மேலே பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினேன். பெற்ற பிள்ளையைத் தூங்கப் போட்டதுபோல ஒரு நிம்மதி.

ஜூன் மாதம் ஒரு காலை பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தால், தரையில் நீலமாக ஒரு சொட்டு. அந்த எண்ணெயின் நிறமே நீலம்.

துடைத்தேன். மறுநாள் இரண்டு சொட்டு. அட்டை வைத்தால் இவர் 'எதுக்கு அட்டை?' என்பார். தட்டு வைத்தால் கதை முடிந்தது. அப்போதுதான் சமையலறை அலமாரியில் பிரிக்காமல் கிடந்த கோலமாவு பாக்கெட் கண்ணில் பட்டது. கல்மாவு. எண்ணெயை என்னமாய் உறிஞ்சும்! சொட்டுகிற இடத்தைச் சுற்றி, வண்டிக்கு அடியில் பாதியும் வெளியில் பாதியுமாக, பெரியதாக ஒரு மயிலைப் போட்டேன். சொட்டு விழுகிற இடத்தில் மயிலின் கழுத்து.

"என்ன திடீர்னு கராஜ்ல கோலம்?" என்று கேட்டார்.

"ஏனுங்க, இந்த ஊர்ல முன்வாசல் கதவை யாருங்க தொறக்கறாங்க? பார்சல் கொண்டாறவன் மட்டுந்தான். நாமெல்லாம் கராஜ் வழியாத்தான வாரோம்?"

"அப்ப லட்சுமியும் கராஜ் வழியாதான் வருவாளாக்கும்?"

"வரட்டுமே. உங்க தரை எத்தனை சுத்தமா இருக்குது!"

அந்த ஒரு வாக்கியத்தில் மனிதர் குளிர்ந்துபோனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் கோலத்தில் மறைத்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கராஜில் உட்கார்ந்து, எண்ணெய் ஊறிய மாவை வழித்தெடுத்துவிட்டு, புதுமாவு போட்டேன். கோலம் போட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. முதல் வாரம் புள்ளிகூட நேராக வரவில்லை. மூன்றாம் வாரம் விரல் தானாகவே போனது. என்னையறியாமல் பாட்டு முணுமுணுத்திருக்கிறேன். அது பின்னால்தான் தெரிந்தது.

ஆடி வெள்ளிக்கு நாலைந்து குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். எதிர் வீட்டு ஆன்ட்டி கராஜில் காலணியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடியம்மா! இந்த ப்ளூ எங்க வாங்கின? மயில் கழுத்து அப்படியே வந்திருக்கே!"

"நானே கலந்ததுங்க ஆன்ட்டி."

"எனக்கும் கொஞ்சம் குடுடீ. நவராத்திரிக்கு வேணும்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று இருமினார். ரொம்ப நேரம் இருமினார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் என்னைப் பைத்தியமாக்கியது வேறொன்று. எண்ணெய் தினமும் சொட்டுகிறது. ஆனால் சனிக்கிழமைதோறும் டாங்கைத் திறந்து பார்த்தால், எண்ணெய் என் மார்க்கர் கோட்டில் அப்படியே நிற்கிறது! ஒழுகுகிறது, குறையவில்லை. இது என்ன அட்சய பாத்திரமா? ஒவ்வொரு குழாயாகத் தடவினேன். கிளிப்புகளை மாற்றினேன். பம்பைத் துடைத்துவிட்டு டிஷ்யூ சுற்றி வைத்தேன். எதிலும் ஈரமில்லை. ஊரார் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்குச் சொந்த வண்டியின் ஓட்டை கிடைக்கவில்லை. வண்டிமேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.

பத்து வாரம் ஆனது. அவர் ஒவ்வொரு காலையும் காபியோடு வந்து, 'இன்னிக்கு மயில் சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்ன சொல்லை நான்தான் மீறிக்கொண்டிருந்தேன். ஓட்டை கிடைக்கவில்லை, வண்டி என்னுடையது இல்லை, அவ்வளவுதான் என்று ஒரு மதிய இடைவேளையில் விளம்பரம் போட்டுவிட்டேன். உடனே ஒருவர் பதில் எழுதினார். சனிக்கிழமை காலை வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார். ஆபீஸ் பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதேன். ஒரு வண்டிக்காக அழுவதா என்று கேட்டால், ஆமாம், வண்டிக்காகத்தான்.

வருகிறவருக்கு வண்டியைத் துடைத்து வைக்கலாம் என்று வெள்ளிக்கிழமை மதியமே வீடு திரும்பினேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு வீட்டிலிருந்து வேலை. எனக்கு ரயில் தாமதமாகும். அவர் அம்மா வீட்டுப் பழக்கம் அவரிடம் அப்படியே ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை எந்த எண்ணெய்ப் பாத்திரமும் குறைந்திருக்கக் கூடாது, 'எண்ணெய் தீர்ந்துவிட்டது' என்று வாயால் சொல்லவும் கூடாது. விளக்கு, சமையலறைத் தூக்கு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை.

கராஜ் கதவைத் திறந்தேன். வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, மனிதர் என் வண்டிக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். ஒரு கையில் சமையலறைப் புனல். இன்னொரு கையில் நீல எண்ணெய் பாட்டில்.

"என்னங்க பண்றீங்க?"

துள்ளி விழுந்தார். ஆனாலும் ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை. தரைமேல் அவ்வளவு பாசம்.

"இல்லம்மா... வெள்ளிக்கிழமை... எல்லாத்துலயும் ஊத்தினேன், அப்படியே இதுலயும்..."

"எத்தனை வாரமா?"

"ஜூன்லேர்ந்து."

"ஏனுங்க! நல்லெண்ணெயை ஊத்திப் போட்டீங்களா?"

"நான் என்ன மடையனா? உன் வண்டிக்கு ஊத்தற அதே டூ-டி ஆயில்தான். தனியா வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன்." கோலத்தைப் பார்த்தார். "முதல் சொட்டை உனக்கு முன்னாடி நான்தான் பாத்தேன். ஆயில் குறைஞ்சா உனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா வித்துடுவ. உன் வீம்பு எனக்குத் தெரியாதா? அதான் உன் கோடு வரைக்கும் ஊத்தி வச்சேன்."

"அப்ப கோலம்?"

"எந்தக் கோலத்துலடி ஒவ்வொரு நாளும் மயில் கழுத்து மட்டும் நீலமாகும்? ஆன்ட்டி ப்ளூ கேட்டப்ப சிரிப்பை அடக்கி எனக்குப் பிராணனே போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. மனிதர் பத்து வாரம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார். நான் அவரைப் பத்து வாரம் முட்டாளாக்கியது அப்போது நினைவில்லை. "தரை தரைன்னு உசிரை விட்டீங்களே, அப்ப ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

"நீ பாடிட்டிருந்தம்மா," என்றார். "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நீ காலைல பாடி நான் கேட்டதில்ல. லேப்டாப்பைத் திட்டித்தான் கேட்டிருக்கேன். தரைக்கென்ன, திரும்பப் பெயின்ட் அடிச்சுக்கலாம்."

அழுகையை மறைக்கத் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தை வண்டிக்குள் அடித்தேன்.

"மிச்சத்தை ஊத்துங்க," என்றேன். "மெதுவா."

ஊற்றினார். டாங்கின் பின்பக்கம், இன்ஜின் பக்கமாகத் திரும்பிய முகத்தில், என் கோட்டுக்கு விரற்கடை கீழே, தலைமுடியளவு ஒரு விரிசல். எண்ணெய் அந்த உயரத்தைத் தாண்டியதும் அதில் ஒரு நீல முத்து மெல்லத் திரண்டு வழிந்தது. எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தால் ஒழுகல் முதல் வாரமே தானாக நின்றிருக்கும்! என் வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று இவர் வெள்ளிக்கிழமை தவறாமல் நிரப்பி நிரப்பி, ஒழுகலுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்.

தரையில் படுத்தபடி நான் சிரித்தேன். அவர் புனலோடு உட்கார்ந்து சிரித்தார். மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் எண்ணெயை விரிசலுக்குக் கீழே வரும்வரை இருவரும் மாற்றி மாற்றி உறிஞ்சி எடுத்தோம். 'வெள்ளிக்கிழமை எண்ணெயை எடுக்கறோமே' என்று அவர் மட்டும் ஒருதரம் முனகினார். அப்புறம் மயிலைப் புதிதாகப் போட்டேன். கழுத்தில் வெள்ளை மாவுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் காபிகூடப் போடாமல் கராஜுக்கு ஓடினோம். மயில் கழுத்து வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மாவு. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! கோலத்தைச் சுற்றி ஒரு குதி குதித்தேன். அவருடைய தரையில் என் கால் அடையாளம் பட்டது. அவர் மயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்தே போனேன். வாசலில் டிரெய்லரோடு ஒரு டிரக் வந்து நின்றபோதுதான் நினைவு வந்தது. விளம்பரம் பற்றி இவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"யாரும்மா இது?"

"வண்டி வாங்க வந்தவருங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "உங்ககிட்ட சொன்ன சொல்லு. சொட்டு விழுந்துச்சில்ல, அதான்."

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் செருப்புக் காலோடு தன் தரைமேல் விறுவிறுவென்று நடந்து வாசலுக்குப் போனார். வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். வண்டி காலையிலேயே விற்றுப்போய்விட்டது என்றார்.

"யார் வாங்கினார்கள்?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"என் மனைவி," என்றார் இவர்.