மீசை வரைந்த பார்

எங்கள் பெரியப்பா ஐயாக்கண்ணு ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்ற ஊரில் மரம் கழிப்பவர். காப்பிச் செடிக்கு வெளிச்சம் இறங்க, மழைக்கு முன்னால் சில்வர் ஓக் கிளைகளை அறுத்துத் தள்ளும் வேலை. சொந்தமாக மிஷின் ரம்பம் உண்டு. அதை அடுத்தவர் தோளுக்குத் தரமாட்டார். பெரியம்மாவுக்கே அதன்மேல் பொறாமை.

செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைக்குப் பார் என்று பெயர். அதில் நெயில் பாலிஷால் ஒரு முறுக்குமீசை வரைந்து வைத்தேன். திட்டினார், அழிக்கவில்லை.

மரம் கழிப்பவர்களிடம் ஒரு வழக்கம். இரவல் வாங்கிய ரம்பத்தைக் கூர் வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். தன் மிஷின் சர்வீஸில் இருக்கிறது என்று கெஞ்சி வாங்கிப்போன கூட்டாளி சரவணனும் அப்படித்தான் தந்தான். பெரியப்பா செயினின் பல்லை மட்டும் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"மீசையக் காணோமுங்க பெரியப்பா."

"ஆயில்ல கரைஞ்சிருக்கும் கண்ணு."

கொஞ்ச நாளில் செயின் அறுந்தது. எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர், "திங்கக்கெழம மிஷின் ஓடலீன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றுவிட்டார். ஏற்காடு கடையில் எப்போதும் வாங்கும் அதே செயினை வாங்கி வந்தார். பாரின் ஓரத்துப் பள்ளமான காடிக்குள் அது இறங்கவே இல்லை. ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினோம்.

கடைக்காரர் சந்திரசேகர் பாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செயின் சரிதானுங்க. பார்தான் உங்களுது இல்லீங்க. இதுல காடி ஒல்லி, ஓரமும் தேஞ்சுபோச்சு, இனி எந்தச் செயினும் நிக்காதுங்க. பாரையும் பழைய செயினையும் சேத்தே ஆரோ மாத்திப்போட்டாங்க. வேற பார் சேலத்துலருந்து வரோணும், புதன்கெழம ஆயிருமுங்க."

"சரவணனத் தவிர ஒருத்தனும் தொடலீங்க. அவன் கூர் வெச்சுல்ல குடுத்தான்!"

"கூர் இருந்தா பாரப் பாக்கமாட்டீங்கன்னு தெரிஞ்ச ஆளுங்க."

திங்கட்கிழமை காலை, ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லலாம் என்று ரம்பத்தோடு எஸ்டேட்டுக்குப் போனோம். உள்ளே வேறொரு ரம்பச் சத்தம். சரவணன். அவன் கையிலிருந்த பாரில் என் மீசை.

"ஏனுங்கண்ணா, உங்க மிஷின் ஓடலீன்னு ரைட்டர்தான் என்னையக் கூப்ட்டாருங்க..."

பெரியப்பா பைக்குள்ளிருந்து புதுச் செயினை எடுத்து அவன் தோளில் போட்டார். "வெச்சுக்க. உங்கிட்ட இருக்கிற பாருக்குத்தான் இது சேருமாம்."

சரவணன் மிஷினை அணைத்தான். நிமிரவில்லை.

திரும்பும் வழியில் பெரியப்பா சொன்னார்: "மீச அவனுக்கு நல்லாத்தான் இருக்குது சாமி."

நான் அவர் தோளிலிருந்த ரம்பத்துக்குக் கை நீட்டினேன். கொடுத்துவிட்டார்.