நாலாவது பாட்டிலும் சாய்ந்த கேட்டும்

என் மனைவி எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். குறையாகச் சொல்லவில்லை, அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்காகத்தான். அவள் அரசின் மூத்த வழக்கறிஞர். ஆறு, காடு, காற்று, குப்பை என்று சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட மேல்முறையீடு எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். கீழே யாரோ தோற்றுவிட்டு வந்த வழக்கை மேலே கொண்டுபோய் நிமிர்த்த வேண்டும். வேறு யாரோ அடிப்பிடிக்க விட்ட பாத்திரத்தைத் தேய்க்கிற வேலை என்று அவளே சொல்வாள்.

சரி, கோர்ட்டில் தேய்க்கட்டும். கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டுவதுபோல இந்தக் குணத்தையும் அங்கேயே மாட்டிவிட்டு வரக்கூடாதா? எனக்குக் கண்ணாடிக் கடை. நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, இது தெளிவாகத் தெரிகிறதா, அது தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கிறவன் நான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்பார்கள், அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிப் பாருங்கள். எதைவிட ஜாஸ்தி என்பாள். மறுநாள் சொன்னால், நேற்றே எழுப்பாத ஆட்சேபணையை இன்றைக்கு எழுப்ப முடியாது என்பாள். தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போவேன்.

மாடியில் என் அக்கா இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலைக் கேட்டால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்களாம். எங்கள் சண்டையெல்லாம் கடைசியில் அக்காவிடம்தான் போகும். என் மனைவி என்னைக் கீழ்க்கோர்ட்டு என்றும் அக்காவை மேல்கோர்ட்டு என்றும் சொல்வாள். கூடப் பிறந்தவள் என்றுதான் பேர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லியிருப்பாளா? கிடையாது.

இந்த வழக்குகளிலேயே மிகப் பழையது எங்கள் வாசல் கேட் வழக்கு. கார் வாங்கிய புதிதில் என் மனைவி பின்பக்கமாக ஓட்டிவந்து கேட்டின் இடதுபக்கத் தூணில் இடித்தாள். அன்று சாய்ந்த தூண் வருஷக்கணக்காகச் சாய்ந்தே நின்றது. கேட்டைச் சாத்த வேண்டுமென்றால் ஒரு கையால் தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ள வேண்டியிருந்தது. கேட்டை நான் பாதிதான் திறந்து வைத்திருந்தேன் என்பது அவள் கட்சி. முழுக்கத் திறந்திருந்தது என்பது என் கட்சி. நான் கண்ணால் பார்த்த சாட்சி. காருக்குப் பின்னால் நின்றவனே நான்தான். அதிலும் கண்ணைப் பற்றித் தெரிந்தவன். என்ன பிரயோஜனம்? பாதிதான் என்றாள், பாதிதான் என்றே இருந்தாள். அவள் தப்பை ஒத்துக்கொள்ளாமல் தூணைத் தொடுவதில்லை என்று நானும் கொத்தனாரைக் கூப்பிடவில்லை.

கேட் வழக்கு இப்படி வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சாய ஆலை வழக்கு அவளிடம் வந்தது. ஆற்றங்கரையில் பெரிய ஆலை. கடைகளில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் ஆறும் ஓடும். ஒரு பருவத்தில் ஊதா, ஒரு பருவத்தில் கிளிப்பச்சை. அதற்குக் கீழே இருக்கிற ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அங்கே குழந்தைகளுக்குக் கை காலெல்லாம் சொறி. சுற்றுச்சூழல் துறை நாலு தடவை போய்த் தண்ணீர் பிடித்துச் சோதித்துவிட்டு ஆலையை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. ஆலைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் உத்தரவை உடைத்துவிட்டார்கள். அரசாங்கம் மேல்முறையீடு செய்திருந்தது. தீர்ப்பு வரும்வரை கழிவுக் குழாயைத் திறக்கக்கூடாது என்று ஒரு தடை மட்டும் பாக்கி.

உத்தரவு உடைந்ததற்குக் காரணம் ஒரு பாட்டில். ஆலையில் தண்ணீர் பிடித்தால் அதை அவர்கள் கண்முன்னே இரண்டு பாட்டிலில் ஊற்றி முத்திரை வைத்து, ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்களும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா, அதற்காக. முதல் மூன்று தடவை ஒழுங்காகக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். நாலாவது தடவை போனபோது இரண்டாவது பாட்டில் ஜீப்பிலேயே உருண்டு உடைந்துவிட்டது. அந்த அதிகாரி, பரவாயில்லை என்று ஒரே பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மகானுபாவர்! கீழ்க்கோர்ட்டில் ஆலை வக்கீல் அந்தப் பாட்டிலைத்தான் பிடித்துக்கொண்டார். அரசு வக்கீலும் ஒரு பாட்டிலே போதும், சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று அதையே கட்டிக்கொண்டு அழுதார். மற்ற மூன்றைப் பற்றி யாருக்கும் பேச்சே வரவில்லை.

துறை இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. தினமும் போன் செய்து, ஒரு இன்ச்கூட விட்டுக்கொடுக்காதீர்கள் மேடம் என்பார். ஒத்துக்கொண்டால் மற்ற வழக்குகளிலும் இதையே கிளப்புவார்கள் என்று அவருக்குக் கிலி. விட்டுக்கொடுக்காதே என்று என் மனைவியிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? அவளும் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் முகத்தில் களையில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, "இதுல தோத்துட்டா அந்தக் குழாயைத் திறந்துடுவாங்க. அந்தப் பிள்ளைங்களை நெனச்சா எனக்குத் தாங்காதுங்க" என்றாள். பாத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன். சண்டைக்காரிதான், ஆனால் என் சண்டைக்காரி.

வாதத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் ஒத்திகை நடந்தது. பெரிய வழக்கு எதுவானாலும் இது வழக்கம். சாப்பாட்டு மேசைதான் நீதிமன்றம். நடு நாற்காலியில் அக்கா, தலைமை நீதிபதி. அதை அவளாகவே எடுத்துக்கொண்டாள், நாங்கள் யாரும் கொடுக்கவில்லை. அவளுக்கு வலப்பக்கம் நான். இடப்பக்க நாற்காலியில் துவைத்து மடிக்காத துணி மலைபோல் கிடக்கும். எந்த பெஞ்சிலும் வாயே திறக்காத நீதிபதி ஒருவர் இருப்பார், அதனால் இருக்கட்டும் என்று என் மனைவியே விட்டுவைத்தாள்.

நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாலாவது தடவை அந்த இரண்டாவது பாட்டிலைக் கொடுத்தார்களா, இல்லையா? என் மனைவி தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் தண்ணீர் குடித்தால் பதில் நீளும் என்று அர்த்தம். சட்டம் என்ன நினைத்தது, பழைய தீர்ப்பில் என்ன சொன்னார்கள், பாட்டில் என்றால் என்ன என்று ஆரம்பித்து, காபி ஆறி ஆடை கட்டும்வரை பேசினாள். அவன் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே என்றாள் அக்கா. வருகிறது அண்ணி என்றாள். வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுவும் அந்த கேட் கதைதான். முழுசா திறந்திருந்ததுன்னு உனக்கே தெரியும். வாயைத் திறந்து சொல்ல மட்டும் மாட்டே" என்றேன்.

அவ்வளவுதான். நீதிமன்றம் கலைந்து சந்தைக்கடை ஆனது. பாதி என்றாள், முழுசு என்றேன். பாதி, முழுசு, பாதி, முழுசு. நான் பின்னாலேயே நின்றேன், என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்று மேசையைத் தட்டினேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போய்ச் சாய்ந்த தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வழக்குக் கட்டுகளை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. அன்று மத்தியானம் இரண்டு பங்கு சாப்பிட்டேன். உப்பு ஜாஸ்தியாக இருந்ததைக்கூடப் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

வாதத்தன்று கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். சட்டைப்பையில் கிடந்த கண்ணாடி முடுக்குகிற குட்டி ஸ்க்ரூடிரைவரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை வைத்து நான் யாரைக் குத்தப் போகிறேனோ! உள்ளே கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. முன்வரிசையில் இயக்குநர் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆலை வக்கீல் நல்ல உயரம், மிருதுவான குரல். தன் மேசைமேல் காலிக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். வராத பாட்டிலை ஞாபகப்படுத்துகிறாராம். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த அம்மையாருக்கு அக்கா வயது இருக்கும். என் மனைவி எழுந்து இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள். அந்த அம்மையார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"அரசு வழக்கறிஞர் அவர்களே, நாலாவது தடவை ரெண்டாவது பாட்டிலைக் கொடுத்தாங்களா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

போச்சு, இனி மத்தியானம்வரை ஓடும் என்று நான் காலை நீட்டிக்கொண்டேன். என் மனைவி பக்கத்தில் இருந்த தண்ணீரைத் தொடவே இல்லை.

"இல்லை. கொடுத்திருக்கணும், கொடுக்கலை. அது துறையோட தப்பு. அந்தச் சோதனையை நீங்க ஒதுக்கி வெச்சிடலாம்" என்றாள்.

இயக்குநர் வாயிலிருந்து பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. என் சம்சாரம்தானா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அவளேதான். மிச்சம் மூன்று சோதனை இருக்கிறது, அவற்றைப் பற்றி எதிர்த்தரப்பு இதுவரை எதுவும் சொல்லவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆலை வக்கீல் எழுந்தார். பாவம், அவர் தயார் செய்து வந்ததெல்லாம் அந்த ஒரு பாட்டிலைப் பற்றித்தான். அதைத்தான் ஒத்துக்கொண்டுவிட்டார்களே என்றார் அம்மையார். ஆமாம், இருந்தாலும் என்று இவர் இழுத்தார். அம்மையார் முன்னால் சாய்ந்து, மேசைமேல் இருந்த காலி பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிடைக்காத ஒரு பாட்டிலுக்காக இத்தனை வருஷமா அழறீங்க. கிடைச்ச மூணு பாட்டிலை என்ன பண்ணீங்க?"

வக்கீல் தன் பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தங்களுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்கள். மூன்றையும் சோதித்திருப்பார்கள், வந்த முடிவை வெளியே காட்ட முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார்கள். பச்சைப் பிள்ளைக்கும் புரியும். கேட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். இத்தனை வருஷ அவகாசம் போதாதா என்றார் அம்மையார். வக்கீல் அந்தக் காலி பாட்டிலை மெதுவாக எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அரசாங்கம் ஜெயித்தது. ஒழுங்கான சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் காட்டும்வரை ஆலை திறக்கக்கூடாது, குழாயும் திறக்கக்கூடாது. இயக்குநர் போன் செய்து, நாம் போட்ட திட்டம் பலித்துவிட்டது மேடம் என்றாராம். சந்தோஷத்தில் என் மனைவி அதற்குக்கூட ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா இனிப்பு வாங்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அன்று மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்றாவது நாற்காலியில் இருந்த துணியை மடித்து வைத்ததுகூட நான்தான், அவ்வளவு நல்ல மனநிலை.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு சும்மா இருக்குமா? ஒத்துக்கொண்டதால் ஒன்றும் குறைந்துபோகவில்லை பார்த்தாயா, அன்றைக்கு நான் கேட்டைப் பற்றிச் சொன்னதால்தானே உனக்கு இந்த யோசனையே வந்தது என்றேன். ஆமாம் என்றாள். ஆமாம் என்றாள்! அதோடு நிற்காமல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு கேட் முழுசா திறந்துதான் இருந்தது. ஒத்துக்கறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட்டாயா அக்கா, நன்றாகக் கேட்டுக்கொண்டாயா, நீதான் சாட்சி என்று அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினேன். அந்த ஆட்டத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். என் மனைவி தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை.

"கேட்டை ஒதுக்கி வெச்சிடலாம். காருக்குப் பின்னாடி நின்னுகிட்டு 'வா, வா, இன்னும் வா'ன்னு கையைக் காட்டினது யாரு?"

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். நானே அளவு பார்த்துச் செய்துகொடுத்த கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். எதிரே என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். காருக்குப் பின்னால் நின்றேன், என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்று இத்தனை வருஷமாக மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னவன் நான். இனிமேல் நிற்கவில்லை என்று சொல்ல முடியுமா?

நான் வாய்தா கேட்டேன்.

"கிடையாது" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் கடைக்குப் போவதற்கு முன்னால் போய்க் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.