அரைக்கோளமும் பத்து நிமிஷமும்

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கொப்பரைக் களம். மனைவி குவைத்தில் நர்ஸ். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். வெயிலில் காயும் தேங்காய் மூடிகளோடுதான் என் குடித்தனம். அதுகள் பதில் பேசாது, அதனால் சண்டையும் இல்லை.

ஞாயிறு காலையில் வார்டன் அம்மா பிள்ளைகளிடம் போனைக் கொடுப்பார். ஆளுக்குப் பத்து நிமிஷம். "சாப்பிட்டீகளாப்பா?" "சாப்பிட்டேன் ஆத்தா." இரண்டாவது நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மீதி எட்டு நிமிஷத்தைத் தோழிக்குத் தானம் செய்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்ட?

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, கோளத்தின் கன அளவில் சந்தேகம் கேட்டாள். நான் கணக்கில் பட்டம் வாங்கியவன். சொல்லி முடிக்கையில் பத்து நிமிஷமும் ஓடியிருந்தது. அன்று மதியம் என் ஒருத்தனுக்காக மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

அடுத்த வாரம் அரைக்கோளம். "விட்டம் பதினாலுன்னு குடுத்திருக்காகப்பா."

விட்டத்தைப் பாதியாக்கினால் ஆரம் ஏழு. அதன் கனத்தைப் பையால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் எழுநூற்றுப் பதினெட்டு சொச்சம். அரை நிமிஷ வேலை. அதைச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு என்ன பேசுவது?

"ஆரத்துக்குப் பதினால அப்படியே போடு ஆத்தா."

"பாதியாக்க வேணாமாப்பா?"

"தேங்காக்காரன் மகளுக்குச் சந்தேகமா? மூடியக் குறுக்கால தான அளக்குறோம்?"

களத்தில் குறுக்களவு பார்த்துத்தான் பெரிசு சிறுசு பிரிப்போம். சின்ன வயதிலிருந்து பார்த்தவள், நம்பிவிட்டாள். விடை எட்டு மடங்கு வீங்கி ஐயாயிரத்தைத் தாண்டியது. டீச்சர் நோட்டில் தப்புப் போடுவார், அடுத்த வாரம் இவள் கோபமாகக் கூப்பிடுவாள், பத்து நிமிஷமும் சண்டை போட்டுவிட்டுத் திருத்திக் கொடுக்கலாம் என்பது என் திட்டம். வாரம் முழுக்க அந்தச் சண்டைக்காகக் காத்திருந்தேன்.

நடுவில் புதன்கிழமை பரீட்சை இருந்தது எனக்குத் தெரியாது.

"அதே கணக்குதாம்ப்பா வந்துச்சு. அஞ்சு மார்க் போச்சு." அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. சண்டை போடவில்லை. என்னைத்தான் தேற்றினாள். "பரவால்லப்பா. நீங்க படிச்சு எம்புட்டு வருசமாச்சு, மறந்திருக்கும். இனிமே டீச்சர்கிட்டயே கேட்டுக்கிறேன்."



"ஆமா ஆத்தா, மறந்துபோச்சு" என்றேன்.